சாதா வாயு

பலகையில் எட்டுச் சாவியும் தொங்கினால்தான் ஷாட். சோதனைக் கூடத்துக்குள் போகிறவர் தன் சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். வெளியே வந்ததும் தன் கையாலேயே திரும்ப மாட்ட வேண்டும். ஒரு கொக்கி காலியாக இருந்தாலும் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற கெப்பாசிட்டர்கள் மின்சாரம் வாங்காது. ஆள் உள்ளே நிற்கும்போது சுவிட்சைத் தட்டிவிட்டால் பொறுக்கியெடுக்க ஒன்றும் மிஞ்சாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அடுத்தவர் சாவியை மாட்டுவது அங்கே அடுத்தவர் பல்குச்சியை வாயில் வைப்பதைவிடக் கேவலம். இந்த ஒரு விஷயத்தில் பெரியவருக்கும் சலுகை கிடையாது, தரை துடைப்பவருக்கும் கிடையாது.

அன்று காலை எட்டும் தொங்கின. மின்சாரப் பொறுப்பில் இருந்தவனுக்கு எல்லோரும் வைத்த பெயர் சுவிட்ச். அவன் சைரனை அலறவிட்டுப் பொத்தானை அமுக்கினான். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இரும்புக் கதவை ஓங்கி அறைந்ததுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான் ஷாட்.

இஞ்சின் என்று அவர்கள் சொல்வது ஒரு பேச்சுக்கு. பார்த்தால் நீளமான குவார்ட்ஸ் குழாய், அதைச் சுற்றிச் செப்புச் சுருள், ஒரு முனையில் காந்தத்தாலேயே ஆன நாசில், அதாவது பீச்சுமுனை. குழாய்க்குள் கொஞ்சம் டியூட்டீரியம், அதாவது கனத்த ஹைட்ரஜன். சுருளில் மொத்த மின்சாரத்தையும் ஒரே அடியாகப் பாய்ச்சினால் காந்தம் அந்த வாயுவைப் பிடித்து நசுக்கும். நசுக்கு போதுமானதாக இருந்தால் அணுவும் அணுவும் இணையும், சூரியனுக்குள் இணைவதுபோல. அந்தச் சூட்டை நாசில் வழியாகப் பின்னால் துப்பினால் கப்பல் முன்னால் போகும். தள்ளவும் அதே சூடு, கப்பலுக்குள் விளக்கெரியவும் அதே சூடு. தொலைக் கிரகங்களுக்கு வருஷக்கணக்கில் மிதந்துகொண்டு போக வேண்டாம், மாதக்கணக்கில் போய்ச் சேரலாம். சேரலாம், சேரலாம் என்று பத்து வருஷத்துக்கு மேல் சொல்லியாகிவிட்டது.

அணுக்கள் இணைந்ததற்குச் சாட்சி அப்போது தெறித்து வரும் நியூட்ரான். அதைக் கவுண்ட்டர் என்ற கருவியில் எண்ணுவது அவள் வேலை. கூடத்தில் அவளுக்குப் பெயர் கவுண்ட்டர் அக்கா. "அக்கா, சனிக் கிரகத்துக்கு ரெண்டு டிக்கெட் போடுங்க. ஒண்ணு என் மாமனாருக்கு, ஒண்ணு மச்சானுக்கு. ரிட்டர்ன் வேண்டாம்," என்று சுவிட்ச் வாரத்துக்கு ஒரு தரமாவது சொல்வான். வாரத்துக்கு ஒரு தரம் அவளும் சிரித்து வைப்பாள்.

அன்று அவள் திரையில் ஒரு முள் எழும்பி நின்றது. இதுவரை வந்த முட்கள் எல்லாம் மணல்மேட்டு அளவு. இது பனைமர உயரம்.

அறையில் இருந்தவர்கள் கத்திய கத்தலில் அடுத்த கட்டிடத்துக் காவலாளி எட்டிப் பார்த்தார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டு பார்த்தார், மறுபடி துடைத்தார். இந்த இடத்தைத் தொடங்கி நடத்துகிறவர் அவர்தான். அவள் கணவர் மட்டும் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். நாசில் அவருடையது. வரைந்தது, சுற்றியது, வளைத்தது, உடைத்து மறுபடி சுற்றியது எல்லாம் அவர். கூடத்தில் எல்லோரும் அவரை நாசில் சார் என்பார்கள். ஆபீசுக்குள் இருக்கும்வரை அவளும் 'சார்'தான். வீட்டுக்குப் போனால் 'ஏங்க'. கோபம் வந்தால் 'நீ'.

மறுநாள் மதியம் கப்பல்காரர்கள் வருகிறார்கள். வெளிக் கிரகங்களுக்குச் சரக்கு ஏற்றப் போகிற கம்பெனி அது. இரண்டு கூட்டங்களின் இஞ்சின்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே ஒன்று, வேறெங்கோ ஒன்று. பிடித்தால் கையெழுத்து. பிடிக்காவிட்டால் கூடத்தை மூடிவிட்டு ஆளாளுக்கு வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான், நாசில் பழைய செப்பு விலைக்குப் போகும். இது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் ஒரு வாரமாக அங்கே பெயின்ட் வாசனை. காவலாளிக்குக்கூடப் புதுச் சட்டை தைத்துக் கொடுத்திருந்தார்கள். தரையில் குடல் சரிந்ததுபோலக் கிடந்த கேபிள்களை அள்ளிச் சுவரோரமாகக் கட்டிவிட்டிருந்தார்கள், வருகிறவர்கள் தடுக்கி விழக்கூடாதே என்று.

குழாயைப் பார்க்கப் போன ஆள் திரும்பி வந்து சொன்னான்: "குழாய்ல கீறல் விட்டிருக்கு சார். இன்னும் ஒரு ஷாட் தாங்கும். அதுக்கு மேல நான் பொறுப்பில்ல."

"ஒண்ணு போதும்யா. நாளைக்கு அவங்க கண்ணு முன்னாடி ஒண்ணு. முடிஞ்சது கதை," என்றார் பெரியவர்.

எல்லோரும் டீக்குக் கிளம்பினார்கள். அவள் திரையை விட்டு எழுந்திருக்கவில்லை.

முள் கொஞ்சம் முந்திக்கொண்டு வந்திருந்தது. காந்தம் வாயுவை முழுசாக நசுக்கி முடிப்பது ஒரு நேரம். நியூட்ரான் அப்போதுதான் கிளம்ப வேண்டும். இந்த முள் அதற்கு ஒரு மயிரிழை முன்னாலேயே ஏறத் தொடங்கியிருந்தது. பிள்ளை பிறப்பதற்கு முன்பே அழுகைச் சத்தம் கேட்டால் ஊரே சந்தோஷப்படலாம். பக்கத்தில் இருக்கும் தாதி விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொல்வாள்.

"சார்," என்றாள் டீயோடு திரும்பி வந்த பெரியவரிடம். "சாதா வாயு போட்டுப் பாக்கணும்."

டீயை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார்.

சாதா வாயு என்பது பெரியவரே போட்ட விதி. நல்ல ஷாட் என்று ஒன்று வந்தால், எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு வாயுவை மட்டும் மாற்றி இன்னொரு ஷாட் போட வேண்டும். டியூட்டீரியத்துக்குப் பதில் சாதாரண ஹைட்ரஜன். சூரியனுக்குள் அதுவும் இணையும்தான், ஆனால் சூரியனுக்குப் பொறுமை உண்டு, குழாய்க்குக் கிடையாது. இந்தக் குழாயில் அது ஒருநாளும் இணையாது. எனவே கவுண்ட்டர் வாயே திறக்கக்கூடாது. திறந்தால், முதல் ஷாட்டில் சொன்னதும் பொய். தள்ளுவிசையை வைத்து ஏமாறிவிடவும் முடியாது, மின்சாரத்தைக் கொட்டிச் சூடாக்கினால் எந்த வாயுவும் பின்னால் பாயத்தான் செய்யும். அது இணைவு அல்ல, செலவு. நியூட்ரான் பட்டால் கதிர் வீசுகிற உலோகத் தகடு வைத்துப் பார்க்கிற முறை ஒன்று உண்டு, இந்த அளவு நியூட்ரானுக்கு அது கண்ணையே திறக்காது.

"விதி எனக்கும் தெரியும்மா. குழாய் இருந்தா போட மாட்டேனா? இருக்கிறது ஒரு ஷாட்."

"முள்ளு முன்னாடியே ஏறுது சார்."

"எவ்வளவு முன்னாடி?"

சொன்னாள். சுவிட்ச் விசிலடித்தான். "அந்த நேரத்துல வெளிச்சம்கூட இந்த வாசலைத் தாண்டாதுக்கா."

"தாண்டும். நானூறு அடி போகும்," என்றாள்.

நாசில் சார் எழுந்து வந்தார். குரலில் உப்பில்லை. "புது நாசில் முனையை இறுக்கிப் பிடிக்குது. அதனால முன்னாடியே நசுங்கியிருக்கலாம். அப்ப நியூட்ரானும் முன்னாடிதான் வரும். யோசிச்சீங்களா மேடம்?"

மற்றவர்கள் முன்னால் அவர் அவளை மேடம் என்றால் வீட்டில் அன்றைக்கு அடுப்பு சரியாக எரியாது. யோசித்திருந்தாள். அப்படியும் இருக்கலாம். அப்படி இருந்தால் இந்த இஞ்சின் அவர்கள் நினைத்ததைவிட நல்லது. இரண்டில் எது என்று சொல்ல ஒரே வழி சாதா வாயு. அதற்கு ஒரே ஒரு ஷாட். அந்த ஷாட்டோ நாளைக்கு, விருந்தாளிகளுக்கு.

"நாளைக்கு டியூட்டீரியம்தான். அவங்க போனப்புறம் புதுக் குழாய் வரட்டும். அப்ப சாதா வாயு என்ன, நீங்க கேக்கிற எல்லா வாயுவும் போட்டுக்கலாம்," என்றார் பெரியவர். சபை கலைந்தது.

சாயங்காலம் அவள் தன் சாவியைக் கழற்றிக்கொண்டு கூடத்துக்குள் போனாள். கவுண்ட்டரைத் திறந்து பார்த்தாள், மூடினாள். கழற்றி மாட்டிய இடமெல்லாம் ஒழுங்காக இருந்தது. குழாயில் விழுந்த கீறலைக் கைவிளக்கு வைத்துப் பார்த்தாள். உதிர்ந்த தலைமுடிபோல இருந்தது. வெளியே வந்தாள். பலகை முன்னால் நின்றாள். ஏழு சாவி தொங்கின. தன் கொக்கியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சாவியைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டுப் பஸ் பிடித்தாள்.

மூன்றாவது மாடியில் வீடு. லிப்ட் வேலை செய்கிற நாட்களைவிடச் செய்யாத நாட்கள் அதிகம். கதவைத் திறந்ததும் மாமனார் டிவி சத்தத்தைக் குறைத்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் வண்டியாகத்தான் பார்ப்பார்.

"என்னம்மா, வண்டி கிளம்பிடுச்சாமே? இவன் போன்ல சொன்னான். அதுக்கப்புறம் வந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கான். கிளம்பிச்சா இல்லையா?"

"செல்ஃப் அடிச்சிருக்கு மாமா. பிடிச்சுதான்னு தெரியல."

"இத்தனை வருஷமா செல்ஃப் அடிக்கிறீங்க. ஒரு ஹாரன் சத்தம்கூடக் கேட்டதில்ல."

"ஆகாசத்துல ஹாரன் கேக்காது மாமா."

"அப்ப எதுர்ல வர்றவன் எப்படி ஒதுங்குவான்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் டிவிக்குத் திரும்பினார்.

அந்த வீட்டில் எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பவர் அவள் கணவர். அவள் வைக்கமாட்டாள். சீப்பு பிரிட்ஜின் மேல் இருக்கும். அவள் கழற்றிப்போட்ட வாட்சை அவர் அரிசி டப்பாவுக்குப் பக்கத்திலிருந்து எடுத்து வருவார். கல்யாணமான புதிதில் சண்டை போட்டுப் பார்த்தார், பிறகு பேசாமல் எடுத்து வைக்கப் பழகிக்கொண்டார். அன்று அவர் சமையலறையில் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க," என்றாள்.

"ம்."

"நாசில் மேல சந்தேகம் இல்ல எனக்கு. என் கவுண்ட்டர் மேலதான்."

"ரெண்டும் ஒண்ணுதான். நீ உன் கவுண்ட்டரைச் சந்தேகப்பட்டா அடி வாங்குறது என் நாசில்." துணியைப் பிழிந்தார். "நாளைக்கு அவங்க கையெழுத்துப் போடட்டும். குழாய் வரட்டும். நீ ஆசை தீர சோதிச்சுக்கோ. தப்புன்னா தப்புன்னு நானே முதல் ஆளா சொல்றேன். ஒரு மாசம் தள்ளிப்போட முடியாதா?"

"கையெழுத்துப் போட்டப்புறம் தப்புன்னு யாரு சொல்லுவா? நீ சொல்லுவியா? பெரியவர் சொல்லுவாரா? கப்பல் பாதி கட்டினப்புறம் யாராவது வாயைத் திறப்பாங்களா?"

'நீ' வந்துவிட்டதை இருவரும் கவனித்தார்கள். டிவியின் சத்தம் ஒரு படி கூடியது. மாமனாருக்கு இங்கிதம் தெரியும்.

"நாளைக்குக் காட்டலைன்னா மாசமும் இல்ல, குழாயும் இல்ல. கடையைக் கட்ட வேண்டியதுதான்," என்றார் அவர். "எனக்கு நாற்பத்தாறு. இன்னொரு நாசில் செய்ய எனக்கு எங்க இடம் கொடுப்பாங்க? சொல்லு."

உண்மையைத்தான் சொன்னார். அவள் கைப்பையைக் கவிழ்த்துப் பஸ் கார்டைத் தேடினாள். சாவி மேஜைமேல் விழுந்தது, பித்தளை வில்லையில் அவள் எண்ணோடு. கூடத்துச் சாவி வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அவர் அதைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். சாப்பாடு போட்டாள், மூவரும் சாப்பிட்டார்கள். சாவி உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தது.

காலையில் சாவி அங்கே இல்லை.

அலமாரி, பிரிட்ஜின் மேல், பாத்ரூம் ஜன்னல் எல்லாம் தேடினாள். அவர் முன்னாலேயே கிளம்பிக் கீழே போய்விட்டிருந்தார். இரண்டிரண்டு படியாக இறங்கினாள். அவர் கொண்டுபோய் மாட்டிவிட்டால் முடிந்தது, யார் மாட்டினார்கள் என்று பலகைக்குத் தெரியாது. கூடத்தில் தான் என்ன பேசினாலும் அதற்குப் பிறகு அது வெறும் பேச்சு.

பஸ் ஸ்டாப்பில் அவர் தூணில் சாய்ந்து நின்றார். எதிர்க்கடையில் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். பஸ் வந்தது, நெரிசல். அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது, அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். இரண்டு ஸ்டாப் போனதும் சட்டைப் பைக்குள் கைவிட்டு எடுத்து அவள் மடியில் போட்டார்.

"நீ மறந்துட்டு வந்துடுவேன்னு எடுத்துட்டு வந்தேன்," என்றார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "எதைத்தான் எடுத்த இடத்துல வெச்சிருக்க?"

மதியம் கப்பல்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் கோட்டு போட்ட ஆண்கள், கை குலுக்குவதற்கென்றே பிறந்தவர்கள்போல இருந்தார்கள். மூன்றாவது ஒரு அம்மா, நரைத்த முடியைக் கிராப் வெட்டியிருந்தார், காலில் தேய்ந்த பாதுகாப்பு ஷூ. அவர்தான் இஞ்சினியர் என்று ஷூவே சொன்னது. பெரியவர் நேற்றைய முள்ளைப் பெரிய திரையில் காட்டினார். கோட்டுக்காரர்கள் ஆஹா என்றார்கள். அந்த அம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இப்ப நேர்லயே பாத்துடலாம்," என்றார் பெரியவர். "சாவி."

கூடத்தைக் கடைசியாக ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக வந்து மாட்டினார்கள். பெரியவர் மாட்டினார், நாசில் சார் மாட்டினார், சுவிட்ச் மாட்டினான். ஏழு. பலகையின் மேல் சிவப்பு விளக்கு அணையவில்லை.

"யாருது மிச்சம்?" என்றார் பெரியவர். கேட்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"என்னுது சார்," என்றாள். கையிலேயே வைத்திருந்தாள். "சாதா வாயு போட்டீங்கன்னா மாட்டுறேன்."

கோட்டுக்காரர்களில் ஒருவர் சிரித்தார், ஏதோ வரவேற்பு நிகழ்ச்சி என்று நினைத்துக்கொண்டார்போல. பெரியவரின் காது மடல் சிவந்தது. அவளிடம் பேசாமல் அவள் கணவர் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லேன்யா."

நாசில் சார் பலகையைப் பார்த்தார். "எட்டுச் சாவி இல்லாம எப்படி சார்?" என்றார்.

அந்த அம்மா பக்கத்தில் வந்தார். "என்ன, சாதா வாயுன்னா?"

அவள் சொன்னாள். நாலே வரி. முள் முந்தி வருவதையும் சொன்னாள், நாசில் காரணமாக இருக்கலாம் என்பதையும் சொன்னாள், இருப்பது ஒரு ஷாட் என்பதையும் மறைக்கவில்லை.

"அப்ப இந்த ஷாட்ல ஒண்ணும் தெரியலைன்னாதான் இஞ்சின் ஓடுதுன்னு அர்த்தமா?"

"ஆமா மேடம்."

"நாங்க இவ்வளவு தூரம் வந்தது ஒண்ணும் தெரியாததைப் பாக்கவா?" என்றார் கோட்டுக்காரர்.

"இந்த விதி யாரு போட்டது?" என்று அந்த அம்மா கேட்டார்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான்தான்," என்றார். பிறகு வாயுவுக்குப் பொறுப்பான ஆளைப் பார்த்து, "மாத்துய்யா," என்றார். குரல் சொந்த வீட்டுச் சாவியைப் பறிகொடுத்தவர் குரல்.

குழாயைக் காலிசெய்து ஹைட்ரஜன் நிரப்பும்வரை அறையில் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் தன் சாவியை மாட்டினாள். சிவப்பு அணைந்து பச்சை வந்தது. தான் நினைத்தது தப்பாக இருக்க வேண்டும் என்று அவள் அந்த நேரத்தில் விரும்பிய அளவுக்கு வேறெதையும் விரும்பியதில்லை. வெறும் கோடு. ஒரு நேர்க்கோடு வந்தால் போதும். அவர் முன்னால் போய், 'உன் நாசில்தான்யா' என்று எல்லோருக்கும் எதிரில் சொல்லிவிடலாம்.

சைரன். இரும்புக் கதவு அறையும் சத்தம். அதைத் தொடர்ந்து கிளிங் என்று மெல்லிசாக ஒன்று. குழாய் போய்விட்டது.

திரையில் பனைமரம் நின்றது. அதே உயரம், அதே இடம். மயிரிழை முந்தியும் அப்படியே.

இணையவே முடியாத வாயுவில் நியூட்ரான். கோட்டுக்காரர்களுக்கு யாராவது விளக்க வேண்டியிருந்தது, யாரும் விளக்கவில்லை, முகங்களைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கெப்பாசிட்டர்களில் மிஞ்சிய மின்சாரத்தை வடித்து எர்த் கம்பியில் மாட்டியதும் அந்த அம்மா உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்றார். அவளும் அவள் கணவரும் கூடப் போனார்கள். குழாய் நடுவில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. நாசிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் குனிந்து அதன்மேல் விழுந்த குவார்ட்ஸ் தூளை ஊதினார்.

அந்த அம்மா சுவரோரம் நின்றார். "இது யாரு இவ்வளவு அழகாக் கட்டினது?"

கவுண்ட்டரின் கேபிள். கூடத்து மூலையிலிருந்து அறைவரை, ஜடை பின்னியதுபோல, சாணுக்கொரு கட்டுப் போட்டு, அகலமான செப்புப் பட்டையோடு சேர்த்து நேர்க்கோடாகக் கட்டியிருந்தது. அந்தச் செப்புப் பட்டைதான் ஷாட்டின்போது கெப்பாசிட்டர் மின்சாரம் மண்ணுக்குள் இறங்குகிற வழி. அவ்வளவு மின்சாரம் பாயும்போது ஒட்டி ஓடுகிற கம்பி சும்மா இருக்காது, ஒட்டுக்கேட்கும். ஒட்டுக்கேட்டதைத் தன் சொந்தச் செய்திபோலக் கொண்டுபோய்த் திரையில் கொட்டும். கேபிள் தரையில் கோணல்மாணலாகக் கிடந்தவரை இந்த வம்பு இல்லை. சுத்தம் செய்த பிறகுதான் பனைமரம் முளைத்தது.

இந்தத் தொழிலில் முதல் வாரம் சொல்லிக்கொடுப்பது இது. இரண்டையும் சேர்த்துக் கட்டாதே.

"நான்தான்," என்றாள் அவள். "நீங்க வர்றீங்கன்னு."

அந்த அம்மா சிரிக்கவில்லை. "நேத்து ஷாட்டையே இன்னைக்கும் காட்டியிருந்தா இவங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருப்பாங்க. பேனாவெல்லாம் கொண்டாந்திருக்காங்க."

"நீங்க சாதா வாயு கேட்டிருப்பீங்க இல்ல?"

"கேட்டிருக்க மாட்டேன்," என்றார் அந்த அம்மா. "எனக்குத் தோணியிருக்காது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த இன்னொரு கூட்டத்துக்கிட்டப் போன மாசம் இதைவிட ஒசரமா ஒண்ணு பாத்துட்டு வந்தேன். அப்பவும் தோணல," என்றார். கைகொடுத்துவிட்டுப் போனார். கையெழுத்து எதுவும் ஆகவில்லை. டீகூடக் குடிக்காமல் கிளம்பினார்கள்.

கூடத்தில் அவர்கள் இருவர் மட்டும் நின்றார்கள். அவர் கேபிளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டுக்களின் வால்களைக்கூட ஒரே அளவாக நறுக்கிவிட்டிருந்தது.

"கல்யாணம் ஆனதுலேருந்து," என்றார் கடைசியில், "ஒரு சீப்பை எடுத்து எடுத்த இடத்துல வெச்சதில்ல நீ. இங்க மட்டும் எதுக்குடி சுத்தம் பண்ணின?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூடிய இடமில்லை, அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. ஆனால் பையிலிருந்து கட்டரை எடுத்து முதல் கட்டை வெட்டினார். அடுத்ததையும் வெட்டினார். அவள் கேபிளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். மூலைவரை எல்லாவற்றையும் வெட்டி, கேபிளைத் தரையில் போட்டுவிட்டு வெளியே வந்து ஆளுக்கொரு சாவியை மாட்டினார்கள்.

கடையை முழுசாகக் கட்டவில்லை, பாதி கட்டினார்கள். கூடத்தின் பாதியைத் தகரம் வெட்டுகிற கம்பெனிக்கு வாடகைக்கு விட்டார்கள். சுவிட்ச் ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் பார்க்கும் வேலைக்குப் போனான். போகும்போது, "டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடுங்கக்கா, மாமனார் திருந்திட்டாரு," என்றான். பலகையில் நாலு கொக்கிதான் மிச்சம். கப்பல்காரர்கள் அந்த இன்னொரு கூட்டத்திடமும் வாங்கவில்லை என்று கேள்வி. சாதா வாயு கேட்டார்களாம், அவர்கள் இன்னும் நாள் சொல்லவில்லையாம். பெரியவர் இதைச் சொன்னபோது முகத்தில் மகிழ்ச்சியும் இல்லை, வருத்தமும் இல்லை.

புதுக் குழாய் வந்து சேர மழைக்காலம் முடிந்துவிட்டது. தகரக் கம்பெனிக்கு விடுமுறை நாளாகப் பார்த்து ஷாட் வைத்தார்கள். டியூட்டீரியம் போட்டார்கள். திரையில் ஒரு சின்ன முள், பழைய மணல்மேடுகளைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். ஆனால் சரியான நேரத்துக்கு வந்தது. பிறகு சாதா வாயு. வெறும் கோடு. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்வரை ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லாத கோடு.

"நாசில் பிடிக்குது," என்றாள்.

"எவ்வளவு?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"போன வருஷத்துக்கு ஒண்ணேகால் பங்கு. கப்பலுக்குப் பத்தாது. சைக்கிளுக்கும் பத்தாது."

அவர் தலையாட்டினார். அந்த எண்ணை மனசுக்குள் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. தன் சாவியைக் கழற்றிக்கொண்டு நாசிலைப் பார்க்க உள்ளே கிளம்பினார். வாசலைத் தாண்டி நாலு எட்டு வைப்பதற்குள் தரையில் கிடந்த கேபிளில் கால் மாட்டித் தடுமாறி, சுவரைப் பிடித்து நின்று, வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.

திரும்பிக் கேபிளைப் பார்த்தார். குனிந்து ஓரமாக ஒதுக்கப் போன கை பாதியில் நின்றது. நிமிர்ந்து, காலைத் தூக்கி அதைத் தாண்டிப் போனார்.